‘அவர்’ என்ற சொல்லை மொழிபெயர்த்தல்

மரியாதைக்குரிய ஒருவரைத் தமிழில் ‘அவர்’ என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் ஆணும் இருக்கலாம், பெண்ணும் இருக்கலாம். கேட்பவர் பேச்சின் போக்கிலிருந்து புரிந்துகொள்வார். ஆங்கிலம் அப்படிச் சும்மா விடாது, உடனே ஆணா பெண்ணா என்று கேட்கும். கனடாவில் அகதிக் கோரிக்கை விசாரணைகளில் தமிழ் உரைபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்த நான், இந்தச் சிறிய இலக்கண வேறுபாடு ஒரு மனிதரின் கோரிக்கையையே கவிழ்த்துவிடக்கூடும் என்பதைத் தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில்தான் அறிந்தேன்.

அன்றைய விண்ணப்பதாரர் ஓர் இளைஞர். தன் துணையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவர் ‘அவரோடு’ என்றும் ‘அவருடைய வீட்டில்’ என்றும்தான் சொன்னார். பேசுகிறவர் ஆண், பேச்சோ காதலைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துக்கொண்ட என் வாய், நான் யோசிக்கும் முன்பே பெண்பால் சுட்டை ஆங்கிலத்தில் உச்சரித்துவிட்டது. அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. ஆனாலும் அவர் என்னைத் திருத்தவில்லை. மேசையைப் பார்த்தபடி அடுத்த வாக்கியத்தை இன்னும் மெதுவாகச் சொன்னார். பிறர் தன்னைத் தவறாகப் புரிந்துகொள்வதையே இத்தனை காலமும் கவசமாக அணிந்திருந்தவர், அதைக் கழற்றி வைக்க வேண்டிய அறையிலும் பழக்கத்தின்படி பேசாமல் இருந்தார். சட்டத்தரணி கோப்பைப் புரட்டிக் குறுக்கிட்ட பிறகே, தவறு உரைபெயர்ப்பாளருடையது என்று பதிவில் சொன்னேன். அவருடைய கோரிக்கை என்னவாயிற்று என்பது எனக்குத் தெரியாது. முடிவை உரைபெயர்ப்பாளருக்குச் சொல்லும் வழக்கம் இல்லை.

அறைக்குள் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்ற உறுதிமொழியின் மேல்தான் எங்கள் தொழில் நிற்கிறது. ஆகவே இக்கட்டுரையில் எவருடைய கதையும் வராது. என் தவறுகள் என் சொந்தச் சொத்து என்பதால் அவற்றைச் சொல்லலாம். மற்றவை தீர்ப்புகளாக உலகறிய வெளிவந்தவை. தன்பாலீர்ப்பு, அதாவது தன் பாலினத்தவர்மீதே ஈர்ப்பு, கொண்ட அகதிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள் தப்பிவந்த வன்முறையைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு எழுதத் தகுதி இருப்பது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றித்தான்: ஒளித்தே உயிரைக் காத்துக்கொண்ட ஒருவர், அந்த உயிரைத் தொடர்ந்து காப்பதற்காக முன்பின் தெரியாதவர்கள் முன் ஒரே காலைப்பொழுதில் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்பது.

நானும் அகதியாக வந்தவள்தான். தொண்ணூறுகளில் என் விசாரணை நடந்தபோது நான் சொன்னது எனக்கு மட்டும் உரிய கதையாக இருக்கவில்லை. ஷெல் வீச்சு, இடப்பெயர்வு, சோதனைச் சாவடி, காணாமல் போன உறவினர் என்று நான் சொன்ன ஒவ்வொன்றும் எங்கள் ஊரே பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்ட கதை. அதற்கான சொற்கள் புழங்கிப் புழங்கி வழவழப்பாகியிருந்தன. அழுதேன், ஆனால் வெட்கப்படவில்லை. எனக்குப் பின்னால் ஒரு கூட்டம் நின்றது; முதல் நாள் இரவு சித்தி பக்கத்தில் இருந்து, எதை மறக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைவூட்டினார். பின்னாளில் நான் யாருக்காக உரைபெயர்த்தேனோ அந்த ஆண்களில் பலருக்கும் சில பெண்களுக்கும் அந்தச் சித்தி இல்லை. சித்திக்குத் தெரியக்கூடாது என்பதே அவர்களுடைய முதல் பயம்.

அந்தப் பயம் சொற்களிலேயே தொடங்குகிறது. தன்னைப் பற்றிச் சொல்ல வரும் ஒருவர் எங்கள் பேச்சுத் தமிழில் பெரும்பாலும் ‘நான் அந்த மாதிரி’ என்றுதான் சொல்வார். ‘அந்த மாதிரி’ என்பது ஊரார் முதுகுக்குப் பின்னால் பயன்படுத்தும் சுட்டு. வேறு சொல் கைவசம் இல்லாததால் அவரும் அதையே எடுத்துத் தன் மேல் போட்டுக்கொள்கிறார். அதை உள்ளபடியே மொழிபெயர்த்தால், எந்த மாதிரி என்று கேள்வி வரும். விளக்கமான ஆங்கிலச் சொல்லாக மாற்றினால், அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைத்தவள் ஆவேன். செய்தித்தாள்கள் நெடுங்காலம் எழுதிவந்த ‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல்லோ, ஒரு மனிதரின் ஈர்ப்பையும் ஏக்கத்தையும் வாழ்க்கைத் துணையையும் ஒரேயொரு உடற்செயலாகச் சுருக்கிவிடுகிறது. அதிகாரியின் கேள்வியை நான் அந்தச் சொல்லைக் கொண்டு தமிழாக்கியபோது ஒருவருடைய முகம் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் மாற்றுச் சொற்களைத் தேடினேன். தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் (பால், பாலீர்ப்பு வழமைகளுக்குள் அடங்காதவர்) போன்ற சொற்கள் அந்தச் சமூகத்தினரே முயன்று உருவாக்கிப் பரப்பியவை. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் 2021இல் தொடங்கிய வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாக, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு கண்ணியமான சொற்களின் பட்டியலொன்றை அரசாணையாகவே வெளியிட்டது. அதை அச்சிட்டுப் பல மாதங்கள் என் கைப்பையில் வைத்திருந்தேன். ஆனால் விசாரணை அறைக்கு வருகிறவர்களில் பலர் அந்தச் சொற்களைக் கேட்டதே இல்லை. ‘தன்பாலீர்ப்பு’ என்று நான் நிதானமாகச் சொன்னால், ‘அப்படியென்றால்?’ என்று திருப்பிக் கேட்பார்கள். கண்ணியமான சொல் வந்து சேர்ந்த பிறகும், அது தன்னைத்தான் குறிக்கிறது என்று ஒருவருக்குத் தெரியவருவதற்குக் காலம் பிடிக்கிறது.

‘நீங்கள் அவரைக் காதலித்தீர்களா?’ என்று கேட்பார்கள். காதல் என்பது எங்களுக்குப் பாட்டிலும் படத்திலும் வரும் சொல். ஒருவர் தயங்கி, ‘காதல் என்று இல்லை, விருப்பம்’ என்று பதில் சொல்லக்கூடும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘அவரில எனக்கு விருப்பம்’ என்றால் அது உயிரைக் கொடுக்கத் துணியும் காதல். அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தால் ‘காதல் இல்லை, பிடிக்கும், அவ்வளவுதான்’ என்று பதிவாகிவிடும். ‘வெட்கமாக இருந்தது’ என்பது இன்னும் சிக்கலானது. குற்றவுணர்வோடு குறுகிப்போவதும் வெட்கம், பிடித்தவர் எதிரே வந்தால் கன்னம் சிவப்பதும் வெட்கம். முதல் சந்திப்பைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சொல் வந்தால், எந்த வெட்கம் என்று குரலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். படிவங்களில் துணைவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் யாரோ ஒருவருடைய கைவண்ணத்தில் ‘பங்காளி’ என்று தமிழாக்கப்பட்டிருந்ததையும் ஒருமுறை பார்த்தேன். காணிச் சண்டைக்கு வரும் பங்காளியை அல்லவா நாங்கள் அறிவோம்! அன்று சிரித்தேன். அந்த இடத்தைக் காலியாக விட்டவர்கள் எத்தனை பேரோ என்று பிறகு தோன்றியபோது சிரிப்பு வரவில்லை.

இவை எல்லாவற்றையும் விடக் கடினமான ஒரு சொல் இருக்கிறது; அது என்னைக் குறிப்பது. அறைக்கு வெளியே என்னைக் கண்டவுடன் அவர்கள் ‘அக்கா’ என்று அழைப்பார்கள். தமிழ் முகத்தைக் கண்ட ஆறுதலில் வரும் சொல் அது. ஆனால் ஒரு பெண்ணை அக்கா என்று அழைத்துவிட்ட பிறகு, ஒருவர் அவள் முன்னால் எதைத்தான் சொல்ல முடியும்? உறவுமுறை வந்தவுடன் உறவின் கண்களும் கூடவே வந்துவிடுகின்றன. நான் எந்த ஊர், யாருடைய மகள், எந்த மண்டபத்துக்கு வந்துபோகிறவள் என்று அவர்கள் மனத்துக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரியும். இந்தச் சங்கடத்தை அறிந்துதான், அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையகம் 2012 அக்டோபரில் வெளியிட்ட ஒன்பதாவது வழிகாட்டுநெறியும், கனடாவின் அகதிகள் வாரியம் 2017இல் வெளியிட்ட தன்னுடைய ஒன்பதாவது வழிகாட்டுநெறியும் நேர்காணலின் சூழல், கேள்வி கேட்கும் முறை, உரைபெயர்ப்பு ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. வழிகாட்டுநெறி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் அக்காவை அந்நியராக்கும் வழி அதில் இல்லை. சிலருக்கு வேற்று இனத்தைச் சேர்ந்த, அரைகுறைத் தமிழ் தெரிந்த உரைபெயர்ப்பாளரே பெரிய நிம்மதியாக இருந்திருப்பார்.

சட்டம் இந்த மனிதர்களைக் காணவே பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ‘குறிப்பிட்ட சமூகக் குழுவில் அங்கம்’ என ஐந்து காரணங்களை மட்டுமே சொல்கிறது. பாலீர்ப்பு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ‘குறிப்பிட்ட சமூகக் குழு’ என்ற அந்தத் தெளிவற்ற தொடரின் வழியாகத்தான் பிறகு கதவு திறந்தது. அமெரிக்காவில் கியூபாவைச் சேர்ந்த ஒருவருக்கு 1990இல் கிடைத்த முடிவை, 1994இல் அன்றைய சட்டமா அதிபர் ஜேனட் ரீனோ எல்லா வழக்குகளுக்கும் முன்மாதிரியாக்கினார். கனடாவில் 1993இல் வந்த வார்ட் தீர்ப்பு, தன்பாலீர்ப்பு சம்பந்தமே இல்லாத ஓர் அயர்லாந்துக்காரரைப் பற்றியது. அவர் ஆயுதக் குழுவொன்றிலிருந்து தப்பி வந்தவர். சமூகக் குழு என்றால் என்ன என்று விளக்கும்போது, பாலீர்ப்பையும் உதாரணங்களில் ஒன்றாக உச்ச நீதிமன்றம் போகிற போக்கில் குறிப்பிட்டது. அந்தப் போகிற போக்குச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கரையேறியவர்கள் ஏராளம்.

கதவு திறந்த பிறகும் வாசலில் ஒரு நிபந்தனை நின்றது. ஊருக்குத் திரும்பிப் போய் அடக்கமாக, யாருக்கும் தெரியாமல் வாழ்ந்தால் ஆபத்து இல்லையே என்று பல நாடுகளின் அதிகாரிகள் வாதிட்டார்கள். பங்களாதேஷைச் சேர்ந்த இருவர் இணையராக வாழ்ந்து, அதை ஒளித்தே வைத்திருந்ததால் பெரிய தீங்கு நேரவில்லை என்று சொல்லி, அவர்களுடைய கோரிக்கையை அவுஸ்திரேலியத் தீர்ப்பாயம் நிராகரித்தது. அவர்கள் ஏன் ஒளித்தார்கள் என்று தீர்ப்பாயம் கேட்கவே இல்லை என்பதை 2003 டிசம்பரில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் சுட்டிக்காட்டியது. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2010 ஜூலையில், ஈரானைச் சேர்ந்த ஒருவரும் கமரூனைச் சேர்ந்த ஒருவரும் தொடுத்த வழக்கில் அதே கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்டது. அச்சத்தால் ஒளிந்து வாழ்கிறவரிடம், நீ ஒளிந்தே வாழலாம் என்று சொல்வது, எதிலிருந்து அவரைக் காக்க வேண்டுமோ அதையே அவர்மீது சுமத்துவதாகும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் சியரா லியோன், உகண்டா, செனகல் நாட்டவர்களின் வழக்குகளில் 2013 நவம்பரில் அதையே சொன்னது. ஆனாலும் ஜேர்மனியின் அகதிகள் திணைக்களம் 2022 அக்டோபரில்தான் அந்தப் பழைய வழக்கத்தை முழுமையாகக் கைவிட்டது.

பிரித்தானியத் தீர்ப்பில் என் தூக்கத்தைக் கெடுத்த பகுதி ஒன்று உண்டு. ஒருவர் ஊருக்குத் திரும்பினால் ஒளிந்து வாழ்வதற்குக் காரணம் துன்புறுத்தல் பற்றிய அச்சமாக இருந்தால் அவர் அகதி. பெற்றோர் மனம் நோகும், நண்பர்கள் சங்கடப்படுவார்கள் என்பதுபோன்ற சமூக அழுத்தம் மட்டுமே காரணமாக இருந்தால் அவர் அகதி அல்ல என்று அது பிரித்தது. சட்டத்தின் பார்வையில் இது நியாயமான கோடு. பெற்றோரின் வருத்தத்திலிருந்து காப்பாற்றுவதற்காக எந்த நாடும் புகலிடம் தர முடியாது. ஆனால் ‘ஏன் மறைத்தீர்கள்?’ என்று தமிழர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். ‘அம்மா தாங்கமாட்டார்’ என்பதே முதலில் வரும் பதில். தன்னை அடித்தவர்களையும் மிரட்டிப் பணம் பறித்தவர்களையும் விட்டுவிட்டு அவர் அம்மாவையே முதலில் சொல்வார். தன் பயத்தைச் சொல்வது கோழைத்தனம், அம்மாவின் துயரத்தைச் சொல்வது மரியாதை என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். மேலும் ‘தாங்கமாட்டார்’ என்ற சொல்லுக்குள் தந்தையின் கோபமும், மாமன்மார் வீட்டுக்கு வந்து செய்யப்போவதும், அவசரத் திருமணமும், அம்மாவுக்கே விழக்கூடிய அடியும் அடங்கியிருக்கலாம். அது எல்லாவற்றையும் விரித்துச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. அவர் சொன்ன இரண்டு சொற்களை மட்டும் ஆங்கிலமாக்கிவிட்டுக் காத்திருப்பேன், அடுத்த கேள்வியாவது சரியாக வரட்டும் என்று.

ஒளிந்து வாழச் சொல்லக்கூடாது என்று ஆனபின், நிராகரிப்புகளின் மொழி மாறியது. ‘ஊருக்குப் போய் ஒளிந்துகொள்’ என்று சொன்ன இடத்தில் ‘நீ அப்படிப்பட்டவன் என்று நாங்கள் நம்பவில்லை’ என்ற வாக்கியம் வந்து அமர்ந்தது. நம்பவைப்பதற்கு என்ன காட்டுவது? செக் குடியரசில் ஆண்களின் உடலில் கருவி பொருத்திப் படங்களைக் காட்டி எதிர்வினையை அளந்தார்கள் என்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2010இல் வெளிப்படுத்திக் கண்டித்தது. தங்கள் அந்தரங்கத்தைப் படம்பிடித்துச் சான்றாகக் கொடுக்க முன்வந்தவர்களும் இருந்தார்கள். 2014 டிசம்பரில் நெதர்லாந்து வழக்கொன்றில் ஐரோப்பிய நீதிமன்றம், இத்தகைய சோதனைகளும் படங்களும் மனித மாண்புக்கு எதிரானவை, உடலுறவு விவரங்களைத் துருவிக் கேட்கக்கூடாது, முதல் வாய்ப்பிலேயே சொல்லவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை நம்ப மறுக்கக்கூடாது என்று விதித்தது. பின்பு ஹங்கேரியில் உளவியல் சோதனை என்று நைஜீரியர் ஒருவரிடம் மழையில் நிற்கும் மனிதனை வரையச் சொல்லியும் மைத்தடங்களைக் காட்டியும் அவருடைய பாலீர்ப்பைக் ‘கண்டறிய’ முயன்றார்கள். மழையில் நிற்கும் மனிதனை நான் எப்படி வரைவேன் என்று அன்று யோசித்துப் பார்த்தேன். குடை வரைந்தால் என்ன பொருளோ! 2018 ஜனவரியில் அதே நீதிமன்றம் அந்தச் சோதனைகளின் அடிப்படையில் முடிவெடுப்பதையும் தடுத்தது.

இந்த அவலங்களுக்கு நடுவே தோன்றிய உருப்படியான சிந்தனை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அதைத் தந்தவர் நமக்குப் பழகிய பெயரைக் கொண்டவர். பிரித்தானிய பாரிஸ்டர் எஸ். செல்வன், உடலுறவைப் பற்றிக் கேட்பதற்குப் பதிலாக நான்கு விடயங்களைச் சுற்றிக் கேள்விகளை அமைக்க வேண்டும் என்றார்: மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர் என்று உணர்ந்தது, அதனால் ஒட்டிய களங்கம், அது உள்ளே விளைத்த வெட்கம், வெளியிலிருந்து வந்த தீங்கு. பல நாடுகளில் இம்முறை கையாளப்படுகிறது. இதிலும் குறை காண்பவர்கள் உண்டு; வெட்கப்படாமலே வளர்ந்த ஒருவர் வந்தால் என்ன செய்வது என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானதே. ஆனாலும் ‘எப்போது, எத்தனை முறை, யாருடன்’ என்ற கேள்விகளையும், ‘பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்களோடு இருந்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது?’ என்ற கேள்வியையும் மொழிபெயர்த்த என் நாக்குக்கு வித்தியாசம் தெரியும். பின்னதைக் கேட்டவுடன் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பதில் அவர்களிடம் இருந்தது. அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

தாமதமாகச் சொல்வது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களிலிருந்து வரும் ஒருவருக்குப் போர் என்ற காரணமும் இருக்கிறது. முகவரும் உறவினரும் முதலில் கிடைத்த ஆலோசகரும் அதையே சொல்லச் சொல்வார்கள். அதுதான் எல்லாரும் சொல்வது, குடும்பத்தின் முன்னால் சொல்லக்கூடியதும் அதுதான். உண்மையில் அவரை ஓடவைத்த மற்றக் காரணம் இரண்டு ஆண்டுகள் கழித்துத் தயங்கித் தயங்கி வெளியே வரும்போது, முதல் படிவத்தில் ஏன் இல்லை என்ற கேள்வி வாசலிலேயே காத்திருக்கும். இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ என்ற பிரிவுகள் இருக்கின்றன. பிரித்தானியர் விதைத்த இந்தச் சட்டம் 1995இல் நீக்கப்படுவதற்குப் பதிலாகப் பெண்களையும் உள்ளடக்கும்படி விரிவாக்கப்பட்டது. அதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023 மே மாதத்தில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது நல்ல செய்திதான். ஆனால் சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவு இருப்பது மட்டும் துன்புறுத்தல் ஆகாது, தண்டனை நடைமுறையில் விதிக்கப்படவும் வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பே சொல்கிறது. வழக்குத் தொடராமல் அந்தப் பிரிவைக் காட்டி ஒருவரைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிச் செல்லலாம், வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டலாம். அத்தகைய நிகழ்வுக்கு வழக்கு எண் இராது.

மற்றவர்களுக்கு அகதி வாழ்வின் முதல் புகலிடம் சொந்தக்காரர். எனக்குப் படுக்க இடம், வேலை, குளிருக்கு அங்கி, சட்டத்தரணியின் தொலைபேசி எண் எல்லாம் எங்கள் ஆட்கள் மூலமே கிடைத்தன; அரசாங்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வலைதான் தன்பாலீர்ப்பு கொண்ட அகதிக்குப் பொறியாகிறது. அறையைப் பகிர்கிறவர் ஊருக்குப் பேசும்போது என்ன சொல்வார் என்று அவர் யோசிக்க வேண்டும். பல நாடுகளின் முகாம்களில் நிலைமை இதைவிட மோசம். உகண்டாவிலிருந்து 2014க்குப் பின் கென்யாவுக்கு ஓடிவந்தவர்கள் சேர்ந்த ககுமா முகாம், அவர்களைப் போன்றவர்களை வெறுக்கும் அயலாரையும் கொண்டது. அந்த நாட்டுச் சட்டமும் அவர்களைக் குற்றவாளிகளாகவே பார்த்தது. 2021 மார்ச்சில் அங்கே அவர்கள் தூங்கிக்கொண்டிருந்த இடத்தில் பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. தீக்காயம் பட்ட ஒருவர் பின்னர் இறந்தார். ஈரானிலிருந்து துருக்கிக்குச் சென்றவர்களின் கதை வேறு. 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கடப்பாட்டைத் துருக்கி ஐரோப்பியர்களுக்கு மட்டுமே என்று வரையறுத்து வைத்திருப்பதால், அவர்கள் மூன்றாவது நாடொன்று அழைக்கும்வரை டெனிஸ்லி போன்ற நகரங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். இளமை என்பது காத்திருப்பதற்கென்றே தரப்பட்டதுபோல.

இங்கே கனடாவில் அப்படிப்பட்டவர்களை முன்பின் அறியாத மனிதர்கள் சேர்ந்து பொறுப்பேற்று வரவழைக்கும் ஏற்பாடும் உண்டு. வான்கூவரின் ரெயின்போ ரெஃபியூஜி அமைப்பும் மத்திய அரசும் 2011இல் அதைத் தொடங்கின. அத்தகைய குழுவொன்றில் இருந்த என் அயலவரான ஒரு முதிய பெண்மணி, தாங்கள் பொறுப்பேற்ற இளைஞர் விமான நிலையத்தில் இறங்கியவுடன் கேட்ட முதல் கேள்வி, ‘இங்கே நான் யாரிடம் சொல்லக்கூடாது?’ என்பதுதான் என்றார். அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம்.

காதல் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. விசாரணை அறையில் காதல் ஒரு ஆவணம். புகைப்படம், செய்தி, பயணச்சீட்டு, இருவரின் பெயரிலும் வந்த கடிதம் என்று அதை எண்ணிட்டு அடுக்குவார்கள். ஆனால் பிடிபடாமல் இருப்பதற்காக ஒவ்வொரு செய்தியையும் வாசித்தவுடன் அழித்தவரிடம் என்ன இருக்கும்? ஒரு படத்தில்கூட இருவரும் அருகருகே நின்றிருக்க மாட்டார்கள். நடுவில் எப்போதும் மூன்றாவதாக ஒரு நண்பர் நிற்பார், பார்க்கிறவர்களுக்காக. பிரிந்து வந்த துணையைப் பின்னர் அழைத்துக்கொள்ளும்போதும் அதே சிக்கல். கனடாவின் சட்டத்தில், திருமணம் செய்யாதவர்கள் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்; சேர்ந்து வாழ முடியாதபடி தடுக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவொன்று இருக்கிறது, ஆனால் தடுக்கப்பட்டதை அவர்கள் நிரூபிக்க வேண்டும். கடைசியில் அந்த மூன்றாவது நண்பரிடமிருந்தே சத்தியக் கடதாசி வாங்குவார்கள்.

அகதி அந்தஸ்து கிடைத்த நாளிலேயே ஒருவர் தன்னை ஏற்றுக்கொண்டுவிடுவதில்லை. கடிதம் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று எல்லாரும் சொல்ல, அதற்குப் பிறகுதான் சிலர் நொறுங்கிப் போகிறார்கள் என்று இந்தத் துறையில் வேலை செய்யும் உளவளத்துணையாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். ஓடும்வரை ஓட்டமே வேலையாக இருந்தது. நின்ற பிறகு, இத்தனை நாள் வெறுத்துப் பழகிய தன்னோடு தனியாக ஓர் அறையில் இருக்க வேண்டியிருக்கிறது. சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ தொடர்ந்து போகிறார்கள். ஊரை வெறுக்க அவர்களால் முடிவதில்லை. வெறுக்க வேண்டும் என்று யார் சொன்னது? பால்புதுமையரின் பெருமித ஊர்வலத்தில் கொடி பிடிக்காதவர் தன்னை ஏற்றுக்கொள்ளாதவர் என்று நினைக்கும் நல்ல மனிதர்களையும் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கும் நான் உரைபெயர்க்க வேண்டியிருந்தது, அது விசாரணை அறையைவிடக் கடினம்.

அந்த முதல் தவறுக்குப் பிறகு நான் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். விசாரணை தொடங்குமுன், எல்லாரும் இருக்கும்போதே, தமிழில் ‘அவர்’ என்ற சொல்லுக்குப் பால் இல்லை, ஆகையால் அது வரும்போதெல்லாம் யாரைக் குறிக்கிறது என்று நான் நிறுத்திக் கேட்கக்கூடும் என்று இரு மொழியிலும் சொல்லிவிடுவேன். எந்த வழக்காக இருந்தாலும் சொல்வேன். நில வழக்கிலும் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டதும் சிலர் தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்ப்பார்கள். சிலர் அன்று முழுவதும் என்னை அக்கா என்று அழைக்கவே இல்லை.

சென்ற ஆண்டு உறவினர் ஒருவருடைய மகளின் திருமணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்தின் மறுபக்கத்தில், முன்பு ஏதோ ஓர் அறையில் மணிக்கணக்காக நான் யாருடைய குரலாக இருந்தேனோ அவர் நின்றார். அவருக்கு அருகில் இன்னொருவர் நின்றார், இருவருடைய சட்டையும் ஏறக்குறைய ஒரே நிறம். அவர் என்னைப் பார்த்தார், அடையாளம் கண்டுகொண்டார், கண்களை மெல்ல விலக்கினார். அவர்கள் முதலில் பேசினாலொழிய நாங்கள் பேசக்கூடாது என்பது தொழில் வழக்கம். நானும் தட்டைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா என் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டார். நல்ல பிள்ளை போலத் தெரிகிறது, வயதும் முப்பதுக்கு மேல் இருக்கும், இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம், யார் வீட்டுப் பிள்ளை, உனக்கு அவரைத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.